பாலே போல நடனத்தையே தொழிலாக வைத்திருப்பவர்களின் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்? மேடைக்கு வெளியே அவர்களுக்கு என்ன சந்தோஷம்?

கேள்விக்குக் கீழே, "பாலே கலைஞர்களின் ஒரு நாள் என்று ஒரு வீடியோ பார்த்தேன், ஆசையாக இருந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். அநேகமாக வீட்டில் எட்டு, ஒன்பது வயதில் ஒரு பெண் இருக்கிறாள், அந்த வீடியோவை முதலில் பார்த்தது அவள்தான், இப்போது உங்களைப் பிடுங்கி எடுக்கிறாள் என்று நினைக்கிறேன். அப்படி இல்லையென்றால் மன்னிக்கவும். இங்கே இந்த மாதிரி கேட்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்கள்தான்.

நான் பாலே ஆடுகிறவள் இல்லை. கும்பகோணத்தில் பரதநாட்டியம் ஆடியும் சொல்லிக்கொடுத்தும் பிழைக்கிறேன். திருவையாறு இசைக் கல்லூரியில் படித்தவள். வேறு வேலையோ வேறு வருமானமோ கிடையாது. அதனால் தொழில்முறைக் கலைஞர் என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு என்றே வைத்துக்கொள்கிறேன்.

"பாலேயைக் கேட்டால் பரதத்தை ஏன் இழுக்கிறாய்" என்று பின்னூட்டத்தில் வரப்போகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். ருக்மிணி தேவி அருண்டேல் முதலில் கற்றுக்கொண்ட நடனம் பாலேதான். 1928-இல் ரஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவின் பழக்கம் கிடைத்தது. பாவ்லோவாவின் குழுவில் ஆடிய கிளியோ நோர்டியிடம் பாடம் எடுத்தார். உங்கள் நாட்டு ஆட்டத்தைப் போய்ப் பாருங்கள் என்று தூண்டிவிட்டவர் பாவ்லோவா. அதற்குப் பிறகு சதிர், அதாவது பரதத்தின் பழைய வடிவம், பார்த்து, அதைக் கற்றுக்கொள்ள அவர் போய் நின்றது பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம். 1936-இல் அவர் தொடங்கிய நடனப் பள்ளியான கலாக்ஷேத்ரா வந்தது. பந்தநல்லூர் எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம். ஆக, பாலேக்கு நாங்கள் தூரத்துச் சொந்தம். பதில் சொல்லலாம்.

அன்றாட வாழ்க்கை என்றதும் எல்லாருக்கும் சலங்கை, கண்ணாடி, மேக்கப் இதெல்லாம்தான் நினைவுக்கு வரும். என்னைக் கேட்டால் தரை. காலையில் எழுந்ததும் குதிகால் முதலில் தொடுவது அதை. நேற்று எந்தத் தரையில் ஆடினோம் என்று அந்த முதல் அடியிலேயே கால் சொல்லிவிடும். வெறுங்காலோடு, முட்டியை மடக்கிப் பாதி உட்கார்ந்த அரைமண்டியில், உள்ளங்கால் முழுசாகப் பதியத் தட்டுகிற ஆட்டம் நம்முடையது. சிமென்ட் தளத்தின் மேல் டைல்ஸ் ஒட்டிய ஹாலில் ஒரு மாதம் ஆடினால் முன்னங்கால் எலும்பு ராத்திரி முழுக்கத் தெறிக்கும். அதனால் ஒரு புது ஹாலுக்குள் நுழைந்தால் மற்றவர்கள் சீலிங்கைப் பார்ப்பார்கள், நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலால் ஒரு தட்டு தட்டிப் பார்ப்போம்.

கல்லூரியில் என்னோடு படித்த ஒருத்தி இப்போது பிரான்சில் இருக்கிறாள். அங்கே ஒரு பாலே ஸ்டுடியோவை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துப் பரதம் சொல்லிக்கொடுக்கிறாள். முதல் நாள் அங்கே போய்விட்டு வந்து போனில் அவள் பேசியது ஈபிள் கோபுரத்தைப் பற்றி இல்லை. "ஏய், இங்க தரை நம்மள வாங்கிக்கிட்டு திருப்பித் தூக்கி விடுதுடி!" பாலேக்காரர்களின் தரை அப்படித்தான். மரப் பலகைக்கு அடியில் குறுக்குச் சட்டமோ ரப்பரோ கொடுத்து, குதித்தால் லேசாக அமுங்கும்படி செய்திருப்பார்கள். கேட்டதும் பொறாமையாக இருந்தது. அடுத்த வாரமே அவள் குறை சொல்ல ஆரம்பித்துவிட்டாள். தட்டடவு என்று தரையைத் தட்டி ஆடும் முதல் பாடம் உண்டு, அதைத் தட்டினால் 'பட்'டென்று விழ வேண்டிய சத்தம் அங்கே 'டொம்'மென்று எங்கேயோ கீழே போய்விடுகிறதாம். கால் வலிக்கவில்லை, ஆனால் ஆடின மாதிரியே இல்லை என்றாள்.

நீங்கள் கேட்டது பாலே என்பதால் அவள் பார்த்துச் சொன்னதை எழுதுகிறேன். எவ்வளவு பெரிய கலைஞராக இருந்தாலும் தினமும் காலையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு முட்டியை மடக்கும் முதல் பாடத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். அங்கே அதற்கு பிளியே என்று பெயர். நுனிக்காலில் நிற்கிற ஷூவுக்கு ரிப்பனையும் எலாஸ்டிக்கையும் அவரவரே உட்கார்ந்து தைத்துக்கொள்கிறார்கள். புது ஷூவை மடக்கி, மிதித்து, தட்டித் தன் காலுக்குப் பழக்குகிறார்கள். வழுக்காமல் இருக்க குங்கிலியம் மாதிரி ஒரு பிசின் பொடியை அதில் தேய்க்கிறார்கள். பெரிய வேடம் என்றால் அந்த ஷூ ஒரே நிகழ்ச்சியில் நைந்துவிடுமாம். ஓய்வு நேரத்தில் வட்டமாக உட்கார்ந்து கதை பேசிக்கொண்டே தைப்பதுதான் அவர்களுக்கு ஆனந்தம் என்றாள். இங்கே நாங்கள் சலங்கையில் விழுந்த மணிகளைக் கோர்த்துக் கட்டுவதும் அதே போலத்தான். அந்த நேரத்தில்தான் ஊர்வம்பு முழுக்க வெளியே வரும்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். முன்பு ஒரு மாடி வீட்டில் இருந்தேன். வகுப்பு தொடங்கிய கொஞ்ச நாளில் கீழ்வீட்டு உரிமையாளர் மேலே வந்தார். "மேல என்னம்மா, நெல்லு குத்துறீங்களா?" சாம்பாரில் காரை உதிர்கிறது என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது, பழைய கட்டடம். காலி செய்தேன். அதற்கப்புறம் வீடு தேடி அலைந்ததுதான் கொடுமை. டான்ஸ் டீச்சர் என்றதும் முகம் மாறும். "டியூஷன்னு சொல்லிக்குங்க" என்று புரோக்கர் அறிவுரை சொல்வார். "நீங்க என்ன ஆளுங்க?" என்று சிலர் நேராகக் கேட்டார்கள். நாகரிகமானவர்கள் "சொந்த ஊர் எது, அங்க எந்தத் தெரு?" என்று சுற்றிவளைத்து அங்கேயேதான் வந்து நின்றார்கள்.

அந்த நாட்களில் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டை நினைத்து நினைத்துச் சிரித்திருக்கிறேன். ராஜராஜன் பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயிலில் ஆடும் பெண்களை, வரவழைத்துக் குடிவைத்தான். ஒவ்வொருத்தி பெயரும், எந்தக் கோயிலிலிருந்து வந்தவள் என்பதும், எந்தத் தெருவில் எந்தச் சிறகில் (வீட்டு வரிசையில்) எத்தனையாவது வீடு என்பதும் கல்லில் இருக்கிறது. ஆளுக்கு வருடத்துக்கு 100 கலம் நெல். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் 400 பேருக்குக் கதவு எண்ணோடு வீடு. எனக்கு ஒரு போர்ஷன் கிடைக்கவில்லை. உடனே, தேவதாசி முறையை நான் புகழ்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அந்தப் பெண்களை யாரும் சம்மதம் கேட்டு அழைத்து வந்திருக்க மாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். 1947-இல் சட்டம் போட்டு நிறுத்தியது சரிதான். நான் பேசுவது வீட்டைப் பற்றி மட்டும்.

வீடு என்றதும் இன்னொன்று. காலி செய்யும்போது "பெயின்ட் அடிக்கணும்" என்று அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்கிறார்களே, அந்தப் பெயின்டை யாராவது கண்ணால் பார்த்திருக்கிறீர்களா? நான் காலி செய்த வீட்டில் அடுத்து வந்தவர்கள் எனக்குத் தெரிந்தவர்கள். சுவரில் என் மாணவிகள் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிய ஜதி இன்னும் அப்படியே இருக்கிறது என்றார்கள். அவர்கள் காலி செய்யும்போது அதே சுவருக்கு அவர்களும் காசு கொடுக்கப் போகிறார்கள். இது கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஆனால் எங்கே போய்ச் சொல்வது?

கடைசியில் ஒரு பழைய அக்ரஹார வீட்டின் முன்கட்டு கிடைத்தது. ரெட் ஆக்சைடு தரை. தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பல வருடம் பளபளப்பாக்கிய தரை. தரைத்தளம் என்பதால் அதற்குக் கீழே மண்தான். இதுவும் கெட்டித் தரைதான், பிசியோதெரபிஸ்ட் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார். இருந்தாலும் டைல்ஸில் இருந்து வந்தவளுக்கு அது சொர்க்கம். உரிமையாளர் வெளிநாட்டில். பின்கட்டில் அவருடைய அத்தை, எண்பதைத் தாண்டிய பாட்டி, தனியாக இருக்கிறார். பாட்டிக்குக் காது சுத்தமாகக் கேட்காது. எனக்கு வீடு கிடைத்த ரகசியம் அதுதான்.

ஆனால் வகுப்பு நேரத்தில் பாட்டி ரேழியில் சுவரோடு சாய்ந்து, காலை நீட்டித் தரையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். முதலில் காற்றுக்காக என்று நினைத்தேன். ஒருநாள் வகுப்பு முடிந்ததும் கூப்பிட்டார். "ஏண்டி கொழந்தே, இன்னிக்கு ஒருத்தி மட்டும் பின்னாடியே வர்றாளே, யாரு அது?" ஆடிப்போய்விட்டேன். மூன்றாம் காலத்தில், அதாவது வேகமாக ஆடும்போது, ஒரு குழந்தை அரை மாத்திரை பின்தங்குவதை நான் தாளம் தட்டும் தட்டுகழியோடு எதிரில் உட்கார்ந்து அப்போதுதான் கண்டுபிடித்திருந்தேன். பாட்டிக்குத் தரை வழியாக உள்ளங்காலுக்கு வந்திருக்கிறது. இப்போது குழந்தைகள் வகுப்பு முடிந்ததும் என்னிடம் வருவதில்லை. நேராகப் பாட்டியிடம் ஓடி, விரலால் 'எப்படி?' என்று சைகை காட்டுகிறார்கள். மேடைக்கு வெளியே என்ன சந்தோஷம் என்று கேட்டீர்களே, எனக்கு இது.

நாள் எப்படிப் போகும் என்றால், விடிவதற்கு முன் என்னுடைய சாதகம், அதாவது ஆட்டப் பயிற்சி. வீட்டு வேலை. காலையில் ஒரு தனியார் பள்ளியில் இரண்டு பீரியட், அங்கே ஆண்டு விழாவுக்கு சினிமாப் பாட்டுக்கு ஆட்டம் கட்ட வேண்டும், அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை. மத்தியானம் பாத வெடிப்புக்கு வெந்நீரும் நல்லெண்ணெயும். சாயங்காலம் வகுப்பு. புரட்டாசியில் நவராத்திரி கொலு நிகழ்ச்சிகள், விஜயதசமிக்குப் புதுப் பிள்ளைகள், மாசியில் சிவராத்திரிக்குக் கோயில்களில் நடக்கும் நாட்டியாஞ்சலி நடன விழா. 1981-இல் சிதம்பரத்தில் தொடங்கியது, இப்போது தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை என்று டெல்டா முழுக்க அந்த வாரம் சலங்கைச் சத்தம்தான்.

ஒரு சிவராத்திரிக்கு ஒரு கோயிலில், பெயர் வேண்டாம், எட்டரை மணிக்கு என்று சொன்ன எங்கள் முறை நடுராத்திரியைத் தாண்டி வந்தது. முழு அலங்காரத்தில் குழந்தைகள் பிராகாரத்துக் கல்லில் என் புடவையை விரித்து, ராக்கொடி கலையாமல் குப்புறப் படுத்துத் தூங்கினார்கள். தண்ணீர் ஸ்ட்ரா வைத்துத்தான். உடையோடு பாத்ரூம் போக முடியாது என்பதால் அந்தத் தண்ணீரும் அளவாகத்தான். நான் மேடையைப் போய் மிதித்துப் பார்த்தேன். இரும்புச் சட்டத்தின் மேல் பலகை, அதற்கு மேல் சிவப்புக் கார்பெட். முன்வரிசையில் இடதுபக்கம் ஒரு பலகை ஆடியது. மேடைக்காரத் தம்பியிடம் சொன்னால், "கார்பெட்டை எடுத்தா போட்டோவுல நல்லா இருக்காதுக்கா" என்றார். பலகைக்கு வழியில்லை.

குழந்தைகளை எழுப்பி, கார்பெட்டில் அந்த இடத்தில் ஒரு பூவைக் கிள்ளிப் போட்டுக் காட்டி, இதை மட்டும் யாரும் மிதிக்கக் கூடாது என்றேன். தில்லானாவில் வரிசையாக முன்னால் வரும் இடம். முதலில் வந்தவள் பூவைத் தாண்டி ஒரு சின்னத் துள்ளல் போட்டாள், பின்னால் வந்த அத்தனை பேரும் அதே இடத்தில், அதே தாளத்தில், அதே துள்ளல். நான் ஓரத்தில் நட்டுவாங்கத்தில் உட்கார்ந்து சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜதி சொன்னேன். முடிந்ததும் ஒரு பெரியவர் வந்து, "அந்த இடத்துல ஒரு தாண்டல் வெச்சிருந்தீங்களே, அது எந்த பாணிம்மா?" என்று கேட்டார். பந்தநல்லூர் பாணி என்று சொல்லத் துணிச்சல் வரவில்லை. "நம்ம சொந்தக் கற்பனைதான் சார்" என்றேன்.

திரும்பும் வேனில் கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி டிபன் பாக்ஸில் போடும்போது மண்டையில் ரத்தம் ஓடுவது தெரியும். சலங்கையை அவிழ்த்த கணுக்காலில் மணிகளின் தடம் பதிந்திருக்கும், அதைச் சொரிவது இருக்கிறதே, அதற்கு ஈடு கிடையாது. வழியில் திறந்திருந்த கடையில் இட்லி. அழிக்காத மேக்கப்போடு இறங்கிய கூட்டத்தைப் பார்த்து மாஸ்டர் கூடுதலாகச் சட்னி ஊற்றினார். அந்தத் துள்ளல் இப்போது எங்கள் தில்லானாவில் நிரந்தரமாகிவிட்டது. பலகை சரியாக இருந்தாலும் தாண்டுகிறார்கள்.

பணம்? இந்த மாதிரி நிகழ்ச்சிகளில் பெரும்பாலும் பொன்னாடையும் ஒரு நினைவுப் பரிசும்தான். வேன் வாடகை நம் கையிலிருந்து. அலமாரியில் அடுக்கிவைத்திருக்கும் பாலியஸ்டர் பொன்னாடைகளை மிதியடியாகக்கூடப் போட முடியாது, வழுக்கும். சோறு போடுவது வகுப்புக் கட்டணம்தான். எல்லாருக்கும் இப்படித்தான் என்று சொல்லவில்லை, சென்னையில் நன்றாகச் சம்பாதிப்பவர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் பெண்ணைச் சேர்ப்பதாக இருந்தால் டீச்சரின் சர்டிபிகேட்டைப் பார்ப்பதற்கு முன் செருப்பைக் கழற்றிவிட்டு அவர் வகுப்பு நடத்தும் தரையில் ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். மொட்டை மாடி காங்கிரீட் என்றால் நாசூக்காகத் திரும்பி வந்துவிடுங்கள். முதல் வருடம் முழுக்க அடவு என்கிற அடிப்படை அசைவுகள்தான், வீட்டில் ஆடிக்காட்டப் பாட்டு எதுவும் இருக்காது, அதற்காக டீச்சரோடு சண்டைக்குப் போகாதீர்கள். பாலேதான் வேண்டும் என்று அவள் ஒரே பிடியாக நின்றால், எனக்குத் தெரிந்து சென்னை மாதிரி பெரிய ஊரில்தான் தேடிப் பார்க்க வேண்டும்.