மிருதங்கத்தை இணையத்தில் வாங்கலாமா?

பயனீட்டாளர் கேள்வி-பதில்

இந்த முறை மலேசிய வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் நான்கு, இசைக்கருவிகளைப் பற்றியவை. ஒருவர் வாங்கப் போகிறவர், ஒருவர் வாங்கி மாட்டிக்கொண்டவர், ஒருவர் முன்பணம் அனுப்பலாமா என்று தயங்குகிறவர், ஒருவர் விற்கிறவர். நான்கையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் மகனுக்குப் பதினொரு வயது. கோயில் வகுப்பில் ஒரு வருடமாக மிருதங்கம் படிக்கிறான். ஆசிரியர் இப்போது சொந்தமாக ஒன்று வாங்கச் சொல்கிறார். முன்பு எங்கள் டவுனில் கேசட், ஆர்மோனியம், கிட்டார் கம்பி எல்லாம் விற்ற ஒரு கடை இருந்தது. அது மூடி, இப்போது அங்கே கைப்பேசிக் கடை. ஈப்போவில் விசாரித்தால் 1,250 வெள்ளி (ரிங்கிட்) என்கிறார்கள். இணையத்தில் பார்க்க அதே மாதிரி இருப்பது 790 வெள்ளி, வீட்டுக்கே வந்துவிடும். தோட்டத்துக் கிளினிக்கில் வேலை செய்கிற எனக்கு 460 வெள்ளி பெரிய காசு. எதை வாங்குவது?
– ஓர் அம்மா, சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, ஈப்போவில் வாங்குங்கள். 460 வெள்ளி எவ்வளவு பெரிய காசு என்று எனக்கும் தெரியும். அதனால் காரணத்தைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

மிருதங்கம் முழுக்க முழுக்கக் கைவேலை. பலா மரத்தைக் குடைவது, தோல் கட்டுவது, இரண்டு பக்கத் தோலையும் பிணைக்கும் வாரை இழுப்பது, வலந்தலையில் (வலப்பக்கத் தோலில்) கரணை என்ற கறுப்புப் பூச்சைப் பூசித் தேய்ப்பது என்று எல்லாமே ஒருவர் கையில்தான் இருக்கிறது. ஒரே பட்டறையில் அடுத்தடுத்து முடித்த இரண்டு மிருதங்கம்கூட ஒரே நாதம் தராது. இணையத்தில் நீங்கள் பார்க்கும் படம் அவற்றில் ஏதோ ஒன்றினுடையது. உங்கள் வீட்டுக்கு வருவது எது என்று விற்கிறவருக்கே தெரிந்திருக்காது.

அடுத்தது சுருதி. ஆசிரியரிடம் முதலில் கேட்க வேண்டியது, "எத்தனை கட்டைக்கு வாங்கட்டும்?" என்பதுதான். கட்டை என்பது சுருதியின் அளவு. ஒரு கட்டை என்றால் ஆர்மோனியத்தில் ஸி, ஐந்து கட்டை என்றால் ஜி. பெண்கள் பாடும் ஐந்து, ஐந்தரைக் கட்டைக்குப் பொதுவாக 22 அங்குல நீளமுள்ள மிருதங்கம். ஆண்கள் பாடும் ஒன்று, இரண்டு கட்டைக்கு 24 அங்குலம். வகுப்பில் ஐந்து கட்டையில் வாசிக்கிற பையனுக்கு 24 அங்குலக் கருவி வந்து சேர்ந்தால், எவ்வளவு தட்டினாலும் அது அந்தச் சுருதிக்கு ஒழுங்காக ஏறாது. மேலே ஏற்றப் பார்த்துத் தோலைக் கிழித்துக்கொண்டவர்களும் உண்டு. பல இணையப் பக்கங்களில் "கச்சேரித் தரம்" என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. கட்டை எண்ணைத் தேடினால் கிடைக்காது.

என் தங்கை மகனுக்கு இப்படித்தான் ஒன்றை இணையத்தில் வாங்கினோம். மழைக்காலம். பெட்டியைப் பிரித்ததுமே தோல் ஈர வாடை அடித்தது. தட்டினால் பலகையைத் தட்டுகிற சத்தம். விற்றவரிடம் கேட்டதற்கு, "இயற்கைத் தோல், அப்படித்தான் இருக்கும்" என்று பதில் வந்தது. பிறகு ஈப்போவில் ஒரு பெரியவரிடம் தூக்கிக்கொண்டு போனோம். அவர் பாயில் உட்கார்ந்து, மடியில் ஒரு துண்டை விரித்து, வலந்தலையை மேலே பார்த்தபடி வைத்தார். ஓரப் பின்னலைச் சுற்றிப் பதினாறு கண், அதாவது வார் நுழையும் துளை. ஒவ்வொரு கண்ணுக்கும் நேராக ஒற்றை விரலால் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே சுற்றி வந்தார். மூன்று இடத்தில் விரல் நின்றது. அந்த மூன்றிலும் சுருதி இறங்கியிருந்தது. அப்புறம் வெளிச்சத்துக்குச் சாய்த்துக் கரணையைக் காட்டினார். தலைமுடி அளவுக்கு ஒரு வெடிப்பு, ஓரம்வரை ஓடியிருந்தது. "இது வாசிக்க வாசிக்க உதிரும் தம்பி, மூட்டு முழுவதையும் மாற்ற வேண்டும்" என்றார். மூட்டு என்பது பின்னலோடு சேர்ந்த தோல் முகம். அதை மாற்றிய செலவைச் சேர்த்தபோது, முதலிலேயே அவரிடம் வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் தொகையைத் தாண்டிவிட்டது.

ஆகவே அந்த 460 வெள்ளியில் ஒரு பகுதி அந்தக் காதுக்கும் கைக்கும் போகிறது. அதை வீண் செலவாக நான் நினைக்கவில்லை.

போகும்போது ஆசிரியரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் வர முடியாவிட்டால் மூத்த மாணவர் ஒருவராவது வரட்டும். கடையில் இருப்பதில் இரண்டு மூன்றை வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பதினாறு கண்ணும் ஒத்துப் போகிறதா, கரணையில் வெடிப்பு இருக்கிறதா, மரக் கட்டையில் கீறலோ பூச்சித் துளையோ தெரிகிறதா என்று பாருங்கள். புதுத் தோல் சில வாரம் வாசித்ததும் தளர்ந்து கொடுக்கும். நம் ஊர் ஈரக் காற்றில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். அப்போது வாரை மறுபடி இழுத்து இறுக்க வேண்டும். அந்த முதல் இறுக்கல் விலைக்குள் அடங்குமா என்று கேட்டு, ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். வாருக்குப் பதில் போல்ட் நட்டு வைத்ததும் கிடைக்கும். வீட்டிலேயே ஸ்பேனரால் முறுக்கிக்கொள்ளலாம் என்பதால் படிக்கிற பிள்ளைக்கு வசதி. ஆனால் ஆசிரியருக்குச் சம்மதமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரே தடவையில் காசு கட்ட முடியாவிட்டால் முன்பணம் கொடுத்து இரண்டு மூன்று மாதத்தில் முடிக்கலாமா என்று கேளுங்கள். சிறிய கடைகளில் இதற்கு ஒத்துக்கொள்வார்கள். ஆசிரியர் கைபட்ட பழைய மிருதங்கம் நல்ல நிலையில் கிடைத்தால், இணையத்துப் புதியதைவிட அதையே நான் வாங்குவேன்.

உறை, மின் சுருதிப் பெட்டி, கிட்டார் கம்பி, நோட்டு வைக்கும் ஸ்டாண்டு போன்றவற்றை இணையத்தில் தாராளமாக வாங்குங்கள். எந்தப் பெட்டியைப் பிரித்தாலும் உள்ளே ஒரே பொருள்தான் இருக்கும்.

இந்தியாவிலிருந்து நேராக வரவழைக்க நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 500 வெள்ளியும் அதற்குக் குறைவுமான விலையில் வெளிநாட்டிலிருந்து இணையம் வழி வரும் பொருளுக்கு 1.1.2024 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. அதைத் தாண்டினால் வழக்கமான இறக்குமதி வரி விதிகள். தோல் கருவி என்பதால் நுழைவாயிலில் சோதனைக்கு நிறுத்தப்படவும் கூடும். பழுதென்றால் திருப்பி அனுப்பும் கூலியே கருவி விலையில் பாதியை விழுங்கிவிடும்.

கேள்வி: எங்கள் பஜனைக் குழுவுக்காக 61 கீ உள்ள கீபோர்டு ஒன்றை இணையத்தில் 640 வெள்ளிக்கு வாங்கினேன். வந்த அன்றே "பொருள் கிடைத்தது" என்ற பட்டனை அழுத்திவிட்டேன். ஒன்பதாம் நாள் மூன்று கீ வேலை செய்யவில்லை. விற்றவர், "பட்டனை அழுத்திய பிறகு ஒன்றும் செய்ய முடியாது, விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்கிறார். அவ்வளவுதானா?
– ஓர் இளைஞர், சுங்கை சிப்புட்

பதில்: இல்லை தம்பி. அந்தப் பட்டன் உங்களுக்கும் அந்த விற்பனைத் தளத்துக்கும் உள்ள ஏற்பாடு. தளம் பிடித்து வைத்திருந்த உங்கள் பணத்தை விற்றவருக்கு விடுவிக்கிற வேலையை அது செய்கிறது. அதனால் சட்டம் தந்த உரிமை போய்விடாது. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும், சொன்ன வர்ணனைக்கு ஒத்துப் போக வேண்டும். 2007இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு இணைய வியாபாரமும் இந்தச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. "திரும்பப் பெறப்படாது" என்று எழுதி ஒட்டிவிட்டு இந்தப் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது.

இன்றே மூன்று கீயையும் அழுத்திக் காட்டி ஒரு வீடியோ எடுங்கள். விற்பனைப் பக்கம், ரசீது, நீங்கள் இருவரும் பேசிய செய்திகள் எல்லாவற்றையும் படம் பிடித்து வையுங்கள். பக்கத்தை அவர்கள் நாளைக்கே தூக்கிவிடலாம். பிறகு, பழுது பார்த்துத் தர வேண்டும் அல்லது மாற்றித் தர வேண்டும், முடியாவிட்டால் பணத்தைத் திருப்ப வேண்டும் என்று நாள் குறித்து எழுத்தில் கேளுங்கள். தளத்தின் புகார்ப் பகுதியிலும் அதையே பதியுங்கள்.

மசியவில்லை என்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரை அங்கே கோரலாம். பதிவுக் கட்டணம் 5 வெள்ளி. இணையம் வழியாகவும் பதியலாம். வழக்கறிஞர் தேவையில்லை, நீங்களே பேசலாம். மூன்று ஆண்டுக்குள் கோர வேண்டும். தீர்ப்புக்குப் பிறகு 14 நாளில் அதன்படி நடக்காவிட்டால் அது குற்றம். இங்கே பதிவு பெற்ற விற்பனையாளராக இருந்தால் இது நன்றாகவே வேலை செய்யும். வெளிநாட்டு விற்பனையாளர் என்றால் தீர்ப்பு கையில் இருந்தாலும் பணத்தை வாங்குவது பெரும்பாடு. வாங்குவதற்கு முன்பே விற்பனையாளரின் பெயர், நிறுவனப் பதிவு எண், தொலைபேசி பக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

அடுத்த முறை பெட்டியின் முகவரிச் சீட்டில் தொடங்கி, நாடாவை வெட்டி, மின்சாரம் கொடுத்து, எல்லாக் கீயையும் ஒவ்வொன்றாக அழுத்துகிறவரை இடையில் நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். அதற்குப் பிறகு பட்டனை அழுத்தலாம்.

கேள்வி: சமூக ஊடகத்தில் பழைய ஆர்மோனியம் 350 வெள்ளிக்கு வந்திருக்கிறது. ஒரு தனி ஆள் விற்கிறார். பலர் கேட்பதால் பாதிப் பணத்தை முதலில் அனுப்பச் சொல்கிறார்.
– ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: அனுப்பாதீர்கள் ஐயா. வியாபாரம் செய்யாத தனி ஆளிடம் வாங்கினால் மேலே சொன்ன சட்டம் உங்களுக்குத் துணைக்கு வராது. நேரில் போய்ப் பாருங்கள். துருத்தியை நன்றாக அழுத்திக் காற்றை நிரப்பி, எந்தக் கட்டையையும் தொடாமல் சும்மா இருங்கள். தானாக ஏதாவது முனகினால் காற்று கசிகிறது என்று அர்த்தம். பிறகு ஒவ்வொரு கட்டையாக அழுத்திக் கேளுங்கள். பணம் ஏற்கெனவே போய், ஆளும் மறைந்துவிட்டால் உடனே தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணுக்கு அழையுங்கள். மணிக்கணக்கில் காத்திருந்தால் பணம் பல கணக்குகளைத் தாண்டிவிடும்.

கேள்வி: முப்பது வருடமாக இசைக்கருவிக் கடை வைத்திருக்கிறேன். பிள்ளைகள் வருகிறார்கள், கிட்டாரை எடுத்து ஒரு மணி நேரம் வாசிக்கிறார்கள், விலைச் சீட்டைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஒரு மாதம் கழித்து அதே மாடலை இணையத்தில் வாங்கிக் கொண்டு வந்து, "அண்ணே, கம்பி உயரமா இருக்கு, பார்த்துக் கொடுங்க" என்கிறார்கள். தெரிந்த வீட்டுப் பிள்ளைகள், காசு கேட்க வாய் வரவில்லை. வாடகை ஒப்பந்தம் முடிந்ததும் மூடிவிடலாமா என்று யோசிக்கிறேன். இது வாங்குகிறவர்களுக்கான பகுதி என்று தெரியும், இருந்தாலும் கேட்கிறேன்.
– ஒரு கடைக்காரர், பேரா

பதில்: நீங்கள் மூடினால் நஷ்டப்படுகிறவர்கள் வாங்குகிறவர்கள்தான், அதனால் இந்தக் கேள்விக்கு இங்கே இடம் உண்டு ஐயா.

உங்கள் கஷ்டம் உங்கள் கடையோடு நிற்கிற ஒன்று இல்லை. அமெரிக்காவில் சாம் ஆஷ் என்ற குடும்பக் கடை 1924இல் தொடங்கி நாடு முழுக்கக் கிளை விட்டது. சரியாக நூறு வருடம் கழித்து, 2024இல், எல்லாக் கிளைகளையும் மூடிவிட்டார்கள். அங்கே இன்னும் பெரிய சங்கிலிக் கடையான கிட்டார் சென்டர் 2020 நவம்பரில் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போய், கடனைச் சீரமைத்துக்கொண்டு மீண்டது. காரணம் ஊருக்கு ஊர் வேறாக இருக்கலாம், கணக்கு ஒன்றுதான். உங்கள் சுவரில் இருபது கிட்டார் தொங்கினால் இருபது கிட்டாரின் பணம் அங்கே தொங்குகிறது. இணைய வியாபாரி ஒரே கிடங்குச் சரக்கை நாடு முழுவதற்கும் காட்டுகிறார். நம் பக்கத்தில், தோட்டங்களை விட்டுப் பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போனதில் வாடிக்கை ஏற்கெனவே மெலிந்திருந்தது. 18.3.2020இல் கொரோனாவால் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து கடைகள் அடைபட்டபோது, அதுவரை இணையத்தில் வாங்காதவர்களும் பழகிக்கொண்டார்கள்.

பெட்டிச் சரக்கின் விலையில் அவர்களோடு மல்லுக்கட்டாதீர்கள், முடியாது. கீபோர்டைக் குறைத்துக்கொண்டு, கைவேலைக்கு விலைப்பலகை ஒன்று எழுதி கல்லாவுக்குப் பின்னால் மாட்டுங்கள். கம்பி மாற்ற இவ்வளவு, கிட்டார் கம்பி உயரம் சரி செய்ய இவ்வளவு, வயலினில் குதிரை (கம்பிகளைத் தாங்கும் சிறு பலகை) நிறுத்த இவ்வளவு, ஆர்மோனிய ரீடு சுருதி சேர்க்க இவ்வளவு, மிருதங்க வார் இறுக்க இவ்வளவு. அதன் கீழே, "இங்கே வாங்கியவர்களுக்கு ஒரு வருடம் இலவசம்" என்று எழுதுங்கள். பலகை இருந்தால் நீங்கள் வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை. மோட்டார் பட்டறையில் ஆயில் மாற்றக் காசு கொடுக்கிற அதே பிள்ளைகள் உங்களுக்கும் கொடுப்பார்கள்.

வயலினை வாடகைக்கு விடுவதையும் யோசியுங்கள். வளர்கிற பிள்ளைக்கு அரை அளவு, முக்கால் அளவு, முழு அளவு என்று மாற்றிக்கொண்டே போக வேண்டும். மூன்றையும் வாங்க எந்தப் பெற்றோருக்கும் மனம் வராது. பழைய கருவிகளைச் சீர் செய்து விற்பதும் அப்படித்தான், நீங்கள் பார்த்துக் கொடுத்தது என்ற நம்பிக்கை அதில் சேர்கிறது.

வாசகர்களுக்கும் இதைச் சொல்லிவிடுகிறேன். கடைக்காரர் கருவியை எடுத்துக் கொடுத்து, சுருதி சேர்த்து, ஒரு மணி நேரம் உங்களோடு நின்றிருக்கிறார் என்றால் அங்கேயே வாங்குங்கள். இணைய விலையைக் காட்டிக் குறைக்க முடியுமா என்று நேராகக் கேட்பதில் தவறில்லை. படம் எடுத்துக்கொண்டு நழுவுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஐயா, இன்னொன்று. மிருதங்கத்துக்கு மூட்டு மாற்றுவது உங்களுக்குத் தெரியுமா, அல்லது தெரிந்தவர் யாராவது உங்களிடம் வருகிறாரா? சம்மதம் என்றால் கடை முகவரியை எனக்கு எழுதி அனுப்புங்கள். முதல் கடிதம் எழுதிய அம்மாவுக்கு ஈப்போவைவிட நீங்கள் பக்கமாக இருக்கலாம். பணம் கட்டுவதற்கு முன் அவர் உங்களிடமும் ஒரு முறை வந்து பார்க்கட்டும்.