கேளுங்க சொல்றேன்: சனிக்கிழமை ஏழரை மணி லாட்டரி

போன இதழ்ல பிரிட்டன் நேஷனல் லாட்டரி பத்தி போற போக்குல ரெண்டு வரி எழுதிட்டேன், அதுக்கு வந்த கேள்வியைப் பாத்தா நம்ம ஆளுங்களுக்கு லாட்டரி ஆசை இன்னும் போகலைன்னு தெரியுது. அதனால இந்த வாரம் முழுக்க அதுக்கே விட்டாச்சு. அங்க ரெண்டு வருஷம் லண்டன் ஈஸ்ட் ஹாம்ல ஒரு யாழ்ப்பாண நண்பரோட கடைக்கு மேல குடியிருந்தேன், சனி ஞாயிறுல அவர் கடை கல்லாவுல நின்ன அனுபவமும் உண்டு.

கேள்வி: "உங்க ஈமெயில் ஐடிக்கு யு.கே. நேஷனல் லாட்டரியில 5 லட்சம் பவுண்டு விழுந்திருக்கு, ஃபீஸ் மட்டும் கட்டினா போதும்"னு மெயில் வந்திருக்கு. கட்டலாமா? (வாசகர், திருப்பூர்)

கட்டாதீங்க சார், தயவுசெஞ்சு. ஈமெயில் ஐடியைக் குலுக்கிப் போட்டு எடுக்குற லாட்டரின்னு ஒண்ணு அங்க கிடையவே கிடையாது. டிக்கெட் வாங்கினவனுக்குத்தான் பரிசு, அதுவும் அந்த ஊர்க் கடையில நேர்ல போய் வாங்கணும், இல்ல அங்கயே குடியிருக்குற ஆளா இருந்து ஆன்லைன்ல வாங்கணும். விழுந்த பரிசுக்கு அங்க வருமான வரியே கிடையாது, அப்புறம் எந்த ஃபீஸ், எதுக்கு ஃபீஸ்? இதுல இன்னொரு சிக்கல், இந்தியாவுல இருந்து வெளிநாட்டு லாட்டரி டிக்கெட்டுக்குப் பணம் அனுப்புறதே ஃபெமாங்கிற அந்நியச் செலாவணிச் சட்ட விதிப்படி தடை, ஏமாந்தவன் வெளிய சொல்லக் கூச்சப்படுவான்னு அந்த மெயில் அனுப்புறவனுக்கு நல்லாவே தெரியும். ஏற்கனவே ஏதாவது அனுப்பியிருந்தா கூச்சத்தைத் தூக்கிப் போட்டுட்டு சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்குப் போன் பண்ணுங்க.

கேள்வி: அங்க எப்படித்தான் விளையாடுறாங்க? நம்ம ஊர்ல பஸ் ஸ்டாண்ட்ல கிளிப் போட்டுத் தொங்க விட்டிருப்பாங்களே, அந்த மாதிரியா? (வாசகி, கும்பகோணம்)

இல்லம்மா. நம்ம ஊர் பரிசுச் சீட்டுல நம்பர் முன்னாடியே அச்சடிச்சிருக்கும், நாம எந்தச் சீட்டுன்னு பாத்து உருவிக்கிறதுதான். அங்க நம்பரையே நாமதான் சொல்லணும். கடையில ஒரு ஓரமா சின்ன ஸ்டாண்ட் இருக்கும், அதுல கட்டம் போட்ட தாள், நூல்ல கட்டின ஒரு பேனா, 1லிருந்து 59 வரைக்கும் இருக்குற நம்பர்ல ஆறைக் கோடு போட்டுக் கல்லாவுல நீட்டினா மெஷின் அதைப் படிச்சு டிக்கெட் அடிச்சுத் தரும், ஒரு வரிசைக்கு 2 பவுண்டு. யோசிக்கச் சோம்பேறித்தனமா இருந்தா "லக்கி டிப்"னு சொன்னா போதும், மெஷினே ஆறு நம்பர் பொறுக்கிக் கொடுத்துடும்.

புதனும் சனியும் குலுக்கல். அன்னிக்கு ஏழரை மணியோட அந்தக் குலுக்கலுக்கு டிக்கெட் குளோஸ், அதுக்கு மேல அடிச்சா அடுத்ததுக்குத்தான் சேரும். சனிக்கிழமை, ஏழரை, இந்த ரெண்டையும் சேத்துச் சொன்னாலே நம்மாளுக்கு வயித்தைக் கலக்கும், ஆனா அங்க ஏழே கால் ஆச்சுன்னா கடை வாசல் வரைக்கும் க்யூ நிக்கும், மழைன்னா எல்லாரும் உள்ள ஒண்டிக்கிட்டு ஈரக் குடையோட நிப்பாங்க, பாலும் பிரெட்டும் வாங்க வந்தவன் பின்னாடி முழிச்சுக்கிட்டு நிப்பான். ஏழு முப்பத்தி ஒண்ணுக்கு ஓடி வந்து கெஞ்சின ஒரு நம்ம ஊர்க்காரர்கிட்ட நண்பர் சொன்னது இன்னும் காதுல இருக்கு: "அண்ணை, மெசின் தன்ர பாட்டில மாறீட்டுது, என்னால ஒண்டும் செய்யேலாது."

அப்புறம் ஆறு பந்து விழும், கூடவே போனஸ் பந்து ஒண்ணு. ரெண்டு நம்பர் ஒத்துப்போனா ஒரு லக்கி டிப் ஓசி, மூணுக்கு 30 பவுண்டு, நாலுக்கு 140, அஞ்சுக்கு 1,750, அஞ்சோட போனஸும் சேந்தா 10 லட்சம் பவுண்டு, ஆறும் விழுந்தா ஜாக்பாட். பந்து உருட்டுற மெஷினுக்கெல்லாம் ஆர்தர், லான்சலாட், கினிவியர்னு பேர் வச்சிருந்தாங்க, ஏன்னா முதல்ல இதை நடத்தின கம்பெனி பேரு கேம்லாட், அது அந்த ஊர்ப் பழங்கதையில வர்ற ஆர்தர் ராஜாவோட கோட்டை, மத்த ரெண்டும் அவரோட வீரன், ராணி பேரு. 2024 பிப்ரவரியில இருந்து ஆல்வின்னு வேற கம்பெனி நடத்துது.

கேள்வி: ஜாக்பாட் அடிக்க எவ்வளவு சான்ஸ்? கணக்கா சொல்லவும். (கல்லூரி மாணவர், மதுரை)

ஆரம்பத்துல 49 நம்பர்தான். 49, 48, 47, 46, 45, 44, இந்த ஆறையும் பெருக்கி 720ஆல வகுங்க (ஆறு நம்பரை 720 விதமா வரிசை மாத்தலாம், வரிசை முக்கியமில்லங்கிறதால வகுக்குறோம்), 1,39,83,816 வரும். 2015 அக்டோபர்ல 59 ஆக்கினாங்க, பத்தே நம்பர்தானே கூடுதல்னு தோணும், ஆனா அதே கணக்கைப் போட்டா 4,50,57,474, அதாவது மூணு மடங்குக்கும் மேல கஷ்டம். மூணு நம்பர் விழுறதுக்கே 96ல ஒரு சான்ஸ்தான்.

ஏன் ஆக்கினாங்கன்னா, ஆறும் யாருக்கும் விழலைன்னா அந்தப் பணம் அடுத்த குலுக்கலுக்கு ஏறும், ஏற ஏற கூட்டம் சேரும், அதான் வியாபாரம். மூணே மாசத்துல, 2016 ஜனவரியில, ஜாக்பாட் 6 கோடியே 60 லட்சம் பவுண்டுக்குப் போயிடுச்சு, ரெண்டு டிக்கெட்டுக்கு விழுந்து ஆளுக்குப் பாதி. இப்ப அஞ்சு தடவைக்கு மேல ஏறாது, அதுக்கப்புறமும் ஆள் இல்லைன்னா கீழ உள்ள பரிசுக்காரங்களுக்குப் பிரிச்சிடுவாங்க.

கேள்வி: எங்க அப்பா வருஷக்கணக்கா பேரப் பிள்ளைங்க பிறந்த தேதியாவே போடுறார். அதுல ஏதாவது லாபம் உண்டா? (வாசகி, ஹாரோ, லண்டன்)

எந்த நம்பர் போட்டாலும் விழுற சான்ஸ் ஒண்ணுதான், 1, 2, 3, 4, 5, 6ன்னு போட்டாலும் அதே சான்ஸ்தான். மெஷினுக்கு உங்க பேரன் பிறந்தநாளும் தெரியாது, போன வாரம் எது வந்துச்சுன்னும் தெரியாது. ஆனா அப்பா பண்றதுல வேற ஒரு நஷ்டம் இருக்கு, எனக்கு இந்த ஆட்டத்துலயே சுவாரசியமான இடம் இதுதான்.

ஜாக்பாட்ங்கிறது ஆளுக்கு இவ்வளவுன்னு எழுதி வச்ச தொகை இல்ல. அந்த ஆறையும் எத்தனை பேர் போட்டிருக்காங்களோ அத்தனை பேருக்கும் பங்கு. 1995 ஜனவரி 14ஆம் தேதி குலுக்கல்ல வந்த நம்பர் 7, 17, 23, 32, 38, 42. ஜாக்பாட் ஒரு கோடியே 60 லட்சம் பவுண்டுக்கும் மேல. ஆறும் ஒத்துப்போன டிக்கெட் எத்தனை தெரியுமா? 133! ஆளுக்கு 1,22,510 பவுண்டு. டிவியில ஆறு நம்பரும் ஒத்துப்போனதைப் பாத்துட்டு கோடீஸ்வரன் ஆயிட்டோம்னு தூங்காம கிடந்த 133 பேரை நெனச்சுப் பாருங்க, லட்சம் பவுண்டு கையில வாங்கியும் ஏமாந்த மாதிரி ஆகியிருக்கும். இது எப்படி ஆச்சுன்னா அந்த ஆறும் அந்தத் தாள்ல நடு வாக்குல இருக்குற நம்பர், பேனா எடுத்தவன் கை தானா அங்கதான் போகும்.

பிறந்த தேதியும் அப்படித்தான், 31க்கு மேல தேதியே இல்ல, ஊர் முழுக்க 1லிருந்து 31க்குள்ளயே கோடு போட்டுக்கிட்டு இருக்கு. அப்பாவை 40, 50லயும் ரெண்டு போடச் சொல்லுங்க. சான்ஸ் கூடாது, விழுந்தா பங்குக்கு வர ஆள்தான் குறையும். கேக்க மாட்டார், பேரப் பிள்ளைங்க விஷயம்.

கேள்வி: இந்த லாட்டரியோட ஹிஸ்டரி என்ன, ராஜா காலத்துலயே உண்டா? (வாசகர், தஞ்சாவூர்)

ராணி காலத்துலயே உண்டு. முதலாம் எலிசபெத் 1567ல அறிவிச்சாங்க, துறைமுகங்களை ரிப்பேர் பண்ணக் காசு வேணும், வரி போட்டா ஜனங்க திட்டுவாங்க, சரி லாட்டரி. 4 லட்சம் டிக்கெட், ஒண்ணு 10 ஷில்லிங், முதல் பரிசு 5,000 பவுண்டு, அதுவும் முழுக்கக் காசா இல்ல, கொஞ்சம் வெள்ளிப் பாத்திரம், திரைச்சீலை, துணிமணின்னு தலை தீபாவளிச் சீர் மாதிரி. இதுல தமாஷ் என்னன்னா, டிக்கெட் வாங்க வர்றவனைச் சின்னச் சின்னக் குத்தத்துக்கெல்லாம் ஏழு நாளைக்கு அரெஸ்ட் பண்ண மாட்டோம்னு ஒரு சலுகை வேற! (கொலை, ராஜதுரோகம் பண்ணவனுக்கு இல்ல.) அப்பவும் பத்துல ஒரு பங்குகூட விக்கல, சாதாரண ஜனத்துக்கு 10 ஷில்லிங் எட்டாத காசு. 1569ல செயின்ட் பால் தேவாலய வாசல்ல சீட்டு எடுக்க ஆரம்பிச்சு மே மாசம் வரைக்கும் எடுத்துக்கிட்டே இருந்தாங்க.

அடுத்து 1700கள்ல வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் கட்ட லாட்டரி, பிரிட்டிஷ் மியூசியம் ஆரம்பிக்க லாட்டரின்னு போச்சு, மோசடி பெருகி 1826ல கடைசிக் குலுக்கலோட மூடிட்டாங்க. நடுவுல 1957ல இருந்து பிரீமியம் பாண்டுன்னு ஒரு குலுக்கல், அதுல போட்ட முதல் போகாது, வட்டிக்குப் பதிலாத்தான் பரிசு, இப்பவும் ஓடுது.

அப்புறம் ஜான் மேஜர் ஆட்சியில 1993ல சட்டம் வந்து, 1994 நவம்பர் 19 சனிக்கிழமை பிபிசியில முதல் குலுக்கல், 2 கோடிப் பேருக்கு மேல உக்காந்து பாத்தாங்க. வந்த நம்பர் 30, 3, 5, 44, 14, 22. ஜாக்பாட்டை ஏழு பேர் பங்கு போட்டுக்கிட்டாங்க, ஆளுக்கு 8,39,254 பவுண்டு. முதல் நாளே பங்குக் கதைதான்.

கேள்வி: நம்ம ஊர்ல 2003ல தடை பண்ணிட்டாங்க. அங்க ஏன் விட்டு வச்சிருக்காங்க? (வாசகர், சேலம்)

ஆரம்பிச்சப்ப போட்ட கணக்குப்படி ஒரு பவுண்டுல பாதி பரிசுக்கு, 28 பென்ஸ் (நூறு பென்ஸ் ஒரு பவுண்டு) பொதுக் காரியத்துக்கு, 12 பென்ஸ் அரசாங்க வரி, 5 பென்ஸ் கடைக்காரருக்கு, மிச்சம் நடத்துற கம்பெனிக்கு. நம்ம ஊர்ல "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு"ன்னு வசனம் சொன்னாங்களே, அங்க அந்த நாட்டுப் பங்கைச் சட்டத்துலயே எழுதி வச்சிட்டாங்க. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸ்ல பிரிட்டனுக்கு ஒரே ஒரு தங்கம், மானம் போச்சு. அடுத்த வருஷத்துல இருந்து லாட்டரிக் காசு வீரர்களோட ட்ரெய்னிங்குக்குப் போக ஆரம்பிச்சுது, 2012 லண்டன்ல 29 தங்கம். இதைக் காட்டித்தான் வாயை அடைப்பாங்க.

ஆனா க்யூவுல நின்னவங்களை நான் பாத்திருக்கேன். கோட்டு சூட்டுக்காரங்க கம்மி, கிளீனிங் வேலை முடிச்சு யூனிஃபார்மோட வர்றவங்கதான் ஜாஸ்தி. இல்லாதவன் கோடு போட்டு இருக்குறவன் பாக்குற ஆபராங்கிற பாட்டு நாடகத்துக்குப் படியளக்குறான்னு அங்கயே திட்டுறாங்க, சர்ச்சில் குடும்பத்துகிட்ட இருந்து அவரோட பழைய காகிதங்களை வாங்க 1995ல லாட்டரிக் காசு ஒண்ணேகால் கோடி பவுண்டு கொடுத்தப்ப பெரிய ரகளை. திட்டுறவங்க பக்கம்தான் நான்.

கேள்வி: டிக்கெட் தொலைஞ்சா? (பெயர் வேண்டாம், கோவை)

போச்சுன்னு நெனச்சுக்கோங்க. 180 நாள் கெடு, அதுக்குள்ள டிக்கெட்டோட வரலைன்னா பணம் பொதுக் காரியத்துக்குப் போயிடும். 2012 ஜூன்ல ஸ்டீவனேஜ், ஹிச்சின் பக்கம் வித்த யூரோமில்லியன்ஸ் (ஐரோப்பாவுல பல நாடு சேந்து நடத்துற லாட்டரி) டிக்கெட் ஒண்ணுக்கு 6 கோடியே 38 லட்சம் பவுண்டு விழுந்துச்சு, கடைசி வரைக்கும் ஆளே வரல. மேல சொன்ன 2016 ஜாக்பாட்லயும் ஒரு டிக்கெட் வொர்செஸ்டர்ல வித்தது, அந்த ஊர்ப் பாட்டி ஒருத்தங்க என் டிக்கெட் ஜீன்ஸ் பாக்கெட்டோட வாஷிங் மெஷின்ல போயிடுச்சுன்னு கசங்கின தாளைக் காட்டினாங்க, பேப்பரெல்லாம் போட்டோ போட்டுச்சு, கடைசியில வேற ஒருத்தர் முழு டிக்கெட்டோட வந்து வாங்கிட்டுப் போயிட்டார்.

டிக்கெட் பின்னாடி பேரும் அட்ரஸும் எழுத இடம் விட்டிருக்கும். நண்பர் ஒவ்வொருத்தர்கிட்டயும் எழுதச் சொல்லிப் பேனாவை நீட்டுவார், அது நூல்ல கட்டியிருக்கிறதால கல்லா வரைக்கும் எட்டாது, அவங்களும் மடிச்சுப் பாக்கெட்ல சொருகிட்டு மழைக்குள்ள ஓடிடுவாங்க.