அம்மா தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறார், ஆனாலும் தரையிலிருந்து எழ முடியவில்லை. நடை மட்டும் போதாதா?

போதாது. 68 வயதில் தினமும் நடக்கிறார் என்றால் பெரிய விஷயம்தான், நிறுத்தச் சொல்லாதீர்கள். இதயத்துக்கும் சர்க்கரைக்கும் அது நல்லது. ஆனால் சமதளத்தில் நடந்து பழகிய காலுக்கு அந்த நடை ஒரு பாரமே இல்லை. பழகியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சுமந்தால்தான் தசை வளரும். வயதாக ஆக அதிகம் தேய்வது, சட்டென்று பலம் காட்டும் தசை இழைகள். தரையிலிருந்து எழுவதற்கும், தடுக்கினால் உடனே காலை ஊன்றுவதற்கும் அவைதான் வேண்டும். நிதானமாக நடக்கும்போது அவற்றுக்கு அவ்வளவாக வேலை இருக்காது.

'இந்த வயதில் இனிமேலா?' என்று அம்மா கேட்பார். பாஸ்டனில் நடந்து 1990-ல் வெளியான ஆய்வைச் சொல்லுங்கள். முதியோர் இல்லத்தில் 86 முதல் 96 வயது வரை உள்ளவர்களுக்கு எட்டு வாரம் காலுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்த ஒன்பது பேரின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடியையே விட்டுவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் அத்தைக்கு (மாமியார்) ஜிம் எல்லாம் இல்லை, ஒரு மர நாற்காலிதான். பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸ் தரையில் வழுக்கும், வேண்டாம். சுவரை ஒட்டிப் போட்டு, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு எழுந்து உட்கார வேண்டும். முதலில் தலையணை போட்டு இருக்கையை உயர்த்தினோம். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மெதுவாக இறங்குவதில்தான் பாதிப் பலன் இருக்கிறது. எழும்போது மூச்சை வெளியே விடச் சொல்லுங்கள். அடக்கினால் பிரஷர் ஏறும். ஐந்து முறை எழுந்து உட்கார 12 விநாடிக்கு மேல் ஆனால் காலில் பலம் குறைவு என்று ஆசிய மருத்துவர் குழுவின் 2019 வழிகாட்டி சொல்கிறது. அத்தைக்கு இது சுலபமானதும், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை அணைத்தபடி செய்யச் சொன்னேன். "நான் தூக்காத குடமா?" என்று முறைத்துவிட்டுத்தான் செய்தார். வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும், நடுவில் ஓய்வு வேண்டும்.

அப்புறம் சாப்பாடு. பல வீடுகளில் பெரியவர்களுக்கு இரண்டு இட்லி, ரசம் சாதம், இரவு மறுபடி இட்லி என்றுதான் போகிறது. வயதானவர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்குத் தினமும் 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்கிறார்கள். 60 கிலோ என்றால் குறைந்தது 60 கிராம். ஒரு இட்லியில் இரண்டு கிராம் தேறினால் அதிகம். முட்டையில் ஆறு, ஒரு டம்ளர் பாலிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். சாயங்காலம் பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டல், மதியம் சாம்பாரில் பருப்பு கெட்டியாக, சாப்பிடுபவராக இருந்தால் மீன். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டாதீர்கள்.

முட்டி வீங்கியிருந்தாலோ, எழும்போது தலை சுற்றினாலோ முதலில் பிசியோதெரபிஸ்டிடமோ டாக்டரிடமோ காட்டிவிட்டு நாற்காலிக்கு வாருங்கள்.