இரண்டு துறை, ஒரே பேராசிரியரா?

கேள்வி: சார், என் மகள் எம்.எஸ்ஸி. விலங்கியல் முடித்துவிட்டு பி.எச்டி.க்கு கைடு தேடிக்கொண்டிருக்கிறாள். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் தளமான கூகுள் ஸ்காலரில் ஒரு பேராசிரியரின் பெயரைப் போட்டுப் பார்த்தால் பாதிக் கட்டுரைகள் ஓடைப் பூச்சிகள், தண்ணீரின் தரம் பற்றி இருக்கின்றன. மீதி, பிள்ளைகள் கையசைத்துப் பாடம் படிப்பது பற்றி. அவற்றை மற்ற ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டிய எண்ணிக்கையும் குறைவு. இப்படி இரண்டு பக்கமும் கால் வைத்திருப்பவரிடம் பெண்ணை அனுப்பலாமா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: அனுப்புவது அப்புறம் அம்மா, முதலில் அது ஒரே ஆள்தானா என்று பாருங்கள். அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொள்ளும் நம் வழக்கம் வெளிநாட்டு இதழ்களுக்குப் பிடிபடுவதே இல்லை. குடும்பப் பெயர் என்ன என்று அவர்கள் கேட்பார்கள், இவர் ஒரு கட்டுரையில் இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் கொடுப்பார், அடுத்ததில் தன் பெயரையே கொடுப்பார், கடைசியில் ஒரே ஆள் இரண்டு பேராகிவிடுவார். இல்லையென்றால் ஒரே பெயரும் இனிஷியலும் உள்ள பலர் ஒரே பட்டியலில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். கூகுள் ஸ்காலரில் கட்டுரைகளைச் சேர்ப்பது பெரும்பாலும் இயந்திரம். உரியவர் போய் நீக்காவிட்டால் அடுத்தவர் கட்டுரையும் அங்கேயே கிடக்கும். அதனால் அவருக்கு ஆர்சிட் எண் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தக் குழப்பத்துக்காகவே 2012ல் வந்த, ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனியான 16 இலக்க எண் அது. பிறகு இரண்டு வகையிலும் ஒவ்வொரு கட்டுரையைத் திறந்து, முதல் பக்கத்தில் போட்டிருக்கும் கல்லூரியையும் மின்னஞ்சலையும் ஒப்பிட்டால் பெரும்பாலும் விஷயம் தெளிந்துவிடும்.

ஒரே ஆள்தான் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. ஓடையை ஆராய்கிறவர் பாதி நேரம் அதை மற்றவர்களுக்குக் காட்டிக்கொடுக்கிறவர்தானே. நம் மலையில் ஒரு சோலை ஓடையில் கல்லைப் புரட்டினால் அடியில் மேஃப்ளை என்ற பூச்சியின் இளம்பூச்சி தட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும், வாலில் பெரும்பாலும் மூன்று இழை, வயிற்றின் இரு ஓரத்திலும் செவுள். இரண்டே இழை, ஒவ்வொரு காலிலும் இரண்டு நகம் என்றால் ஸ்டோன்ஃப்ளை என்ற வேறு பூச்சி. அது குளிர்ந்த, ஆக்சிஜன் நிறைந்த தண்ணீர் இருந்தால்தான் தங்கும். சாக்கடை கலக்கிற இடத்தில் அது காணாமல் போய், கைரோனமிட் என்கிற ரத்தச்சிவப்புப் புழுக்கள் நெளியும். உடம்பில் ஹீமோகுளோபின் இருப்பதால் ஆக்சிஜன் குறைந்தாலும் தாக்குப்பிடிக்கும். இதையெல்லாம் வாயால் மட்டும் சொல்லிப் பாருங்கள், முடியாது. ஒரு கையை மூடிக் கல் என்பார்கள், மறு உள்ளங்கையைப் படிய வைத்து இதுதான் பூச்சி, தண்ணீர் இதன் மேலே வழுக்கிக்கொண்டு போகிறது பார் என்பார்கள். அந்தக் கை மாணவனின் மண்டைக்குள் என்ன செய்கிறது என்று ஒருவருக்கு ஆராயத் தோன்றுவதில் ஆச்சரியம் இல்லை.

கையசைவு ஆராய்ச்சி விளையாட்டும் இல்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் சூசன் கோல்டின்-மெடோ பல வருடங்களாகச் செய்வது இதைத்தான். 6+3+4 = __+4 போன்ற கணக்கில் 6, 3 இரண்டின் கீழும் இரு விரலை வைத்துவிட்டு, பிறகு காலி இடத்தை ஒரு விரலால் காட்டச் சொல்லிக் குழந்தைகளைப் பழக்கினார்கள். அப்படிச் செய்த பிள்ளைகள் சும்மா வாயால் சொன்னவர்களைவிட நன்றாகக் கற்றார்கள். இன்னொரு குழுவுக்கு வேண்டுமென்றே தப்பான இரண்டு எண்களைக் காட்டச் சொல்லியிருந்தார்கள், அவர்கள்கூட நடுவில் வந்தார்கள். இரண்டைச் சேர்க்க வேண்டும் என்பதைக் கை சொல்லிக் கொடுத்துவிட்டது போல. 2009ல் வந்த கட்டுரை இது.

மேற்கோள் குறைவு என்பதைப் பற்றி. பூச்சி வகைப்பாட்டில் வேலை செய்கிறவரை அந்த எண்ணை வைத்து எடைபோடுவது அநியாயம் என்பேன். மதுரா கல்லூரியில் இருந்த கே.ஜி. சிவராமகிருஷ்ணன் 1984ல் ஒரு மேஃப்ளைக்கு குற்றாலத்தின் பெயரை வைத்தார், பீட்டர்சுலா கோர்ட்டாலென்சிஸ். பிறகு அந்தப் பூச்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெயருக்குப் பின்னால் அவரையும் வருடத்தையும் சேர்த்து எழுதுவார்கள், ஆனால் கட்டுரையைப் பின்பட்டியலில் போடுவது அபூர்வம், அதனால் அது மேற்கோளாகக் கணக்கில் ஏறாது. எண்ணைவிட ஆசிரியர் வரிசையைப் பாருங்கள். இந்தத் துறைகளில் வேலையைச் செய்தவர் பெயர்தான் வழக்கமாக முதலில் வரும். அவருடைய மாணவர்கள் பெயர் முதலில் இருந்தால் நல்லது. எல்லாவற்றிலும் அவர் பெயரே முன்னால் இருந்தால், பழைய மாணவர் ஒருவரைப் பிடித்து விசாரியுங்கள். அப்புறம் மகளுக்கு எந்தப் பாதியில் வேலை கிடைக்கும் என்பதையும் நேரே கேட்டுவிடச் சொல்லுங்கள். வலையும் கம்பூட்டுமாக ஓடையில் இறங்கும் ஆசையில் போகிற பெண்ணை வகுப்பறை வீடியோ முன்னால் வருடக்கணக்கில் உட்கார வைத்தால் அவளுக்கும் கஷ்டம், அவருக்கும் கஷ்டம்.

கேள்வி: ஹெச்-இண்டெக்ஸ் 10 என்றால் பத்து கட்டுரை எழுதியவர் என்று அர்த்தமா?
– ஒரு மாணவர், குன்னூர்

பதில்: இல்லை. குறைந்தது பத்து முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் பத்து இருக்கின்றன என்று அர்த்தம். நூறு எழுதியவருக்கும் 10 வரலாம், பன்னிரண்டு எழுதியவருக்கும் வரலாம். 2005ல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கொண்டுவந்தது. இது குறையவே குறையாது, ஆள் சும்மா இருந்தாலும் ஏறும், துறைக்குத் துறை மாறும். ஓடைப் பூச்சிக்காரரையும் மருத்துவ ஆராய்ச்சியாளரையும் இதை வைத்து ஒப்பிடாதீர்கள்.

கேள்வி: வகுப்பில் பதில் சொல்லும்போது பிள்ளைகள் கையை ஆட்டிக்கொண்டே இருக்கிறார்கள். கையைக் கட்டிக்கொண்டு பேசு என்று சொல்வது தப்பா?
– ஓர் ஆசிரியை, கூடலூர்

பதில்: தப்புதான் டீச்சர், கோபித்துக்கொள்ளாதீர்கள். பிறவியிலேயே பார்வையில்லாதவர்கள், எதிரில் இருப்பவருக்கும் பார்வையில்லை என்று தெரிந்தும் பேசும்போது கையை அசைக்கிறார்கள் என்று 1998லேயே நேச்சர் இதழில் வந்திருக்கிறது. அடக்கச் சொல்வதைவிடக் கவனியுங்கள். வாய் தப்பாகச் சொல்லும்போதே கை சரியாகக் காட்டும் பிள்ளைகள் உண்டு, அவர்களுக்கு அந்த நேரத்தில் கொஞ்சம் சொல்லிக் கொடுத்தால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

கேள்வி: ஊட்டி ஏரித் தண்ணீர் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். பணம் கட்டினால் ஒரு வாரத்தில் வெளியிடுவதாக ஓர் இதழிலிருந்து மெயில் வந்தது. கட்டுரை இல்லாமல் தீசிஸ் வாங்க மாட்டார்கள் என்கிறார்கள். என்ன செய்வது?
– ஓர் ஆய்வு மாணவர், ஊட்டி

பதில்: கட்டாதீர்கள் தம்பி. ஒரு வாரத்தில் யாரும் ஒழுங்காகப் படித்து மதிப்பிட முடியாது. கட்டணம் வாங்கும் நல்ல இதழ்களும் இருக்கின்றன, ஆனால் அவை பரிசீலனை முடிந்து ஏற்ற பிறகுதான் வழக்கமாகக் கேட்கும். தீசிஸுக்கு முன் கட்டுரை கட்டாயம் என்ற விதியை பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022ல் எடுத்துவிட்டது, உங்கள் பல்கலைக்கழகம் தனியாக வைத்திருக்கிறதா என்று அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். யுஜிசி ஏற்ற இதழ்களின் பட்டியலான ‘யுஜிசி கேர்’ பட்டியலில் இருக்கிற இதழ் என்று மெயிலில் போட்டிருந்தாலும் மயங்காதீர்கள், அந்தப் பட்டியலையே 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டார்கள். அந்த இதழில் வந்த நாலு கட்டுரைகளைப் படித்துப் பார்த்து உங்கள் கைடிடம் காட்டுங்கள், அவர் முகம் போகிற போக்கிலேயே தெரிந்துவிடும்.