சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கைச் சுற்றி மின்ஸ்கூட்டர் ஓட்டலாமா?

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. புளோக் கீழே மட்டும் மின்ஸ்கூட்டர் ஓட்டிக்கொள்கிறேன் என்று நச்சரிக்கிறான். விடலாமா?
- வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: வேண்டாம் அம்மா. புளோக்கைச் சுற்றியிருப்பது பெரும்பாலும் நடைபாதைதான், 2019 நவம்பர் 5 முதல் அங்கே மின்ஸ்கூட்டருக்குத் தடை, மீறினால் 2,000 வெள்ளி வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே கிடைக்கலாம். சாலையிலும் ஓட்டக் கூடாது. மிஞ்சுவது சைக்கிள் பாதையும் பூங்கா இணைப்புப் பாதையும்தான், அதிலும் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள். 16 வயது ஆகாதவர் என்றால் 21 வயது நிறைந்த ஒருவரின் மேற்பார்வை கட்டாயம். அப்புறம், யுஎல்2272 எனும் தீப்பாதுகாப்புச் சான்றிதழ் இல்லாத வண்டியை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள், சார்ஜ் ஏறும்போது தீப்பிடித்த வீடுகள் இங்கே ஒன்றிரண்டு அல்ல.