அவரவர் இடத்தை அளந்து கொடுத்தது யார்?

கேள்வி: கடவுள் பயம் போனதால்தான் நாட்டில் ஒழுக்கம் கெட்டுப்போனது. எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பியில் (திருவிழாவில்) எல்லாச் சாதியாரும் கலந்துகொள்கிறோம். அவரவர் இடத்தில் அவரவர் நின்றால் ஒரு பிரச்சினையும் இல்லை. பக்தியில் போய்ச் சமத்துவத்தை ஏன் நுழைக்கிறீர்கள்?
– ஒரு வாசகர், பெருந்துறை வட்டாரம்

பதில்: அவரவர் இடம் என்கிறீர்கள். அந்த இடத்தை அளந்து கொடுத்தது அம்மனா, ஊர்க் கூட்டமா?

உங்கள் ஊர் நோம்பியை நான் பார்த்ததில்லை. ஆனால் கொங்கு நாட்டில் வேறு பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். பூச்சாட்டித் திருவிழாவைத் தொடங்கி, கோயில் முன் கம்பம் நட்டுவிட்டால் தினமும் ராத்திரி கம்பத்தைச் சுற்றி ஆட்டம்தான். அந்த ஆட்டத்துக்கு உயிரே தப்பட்டை என்னும் பறைதான். அடிப்பவர்கள் ஓரமாக ஓலையைக் கொளுத்தி, தோலை அனலில் காட்டி, விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். சத்தம் கணீரென்று எழவில்லை என்றால் மறுபடியும் காட்டுவார்கள். அந்த அடி விழுந்த பிறகுதான் ஆடுகிறவர்களின் கால் தரையில் நிற்காது, பெண்களுக்கு அருள் வரும். அம்மனை ஊருக்குள் அழைத்துவரும் அந்தக் கை, பூசை முடிந்து திருநீறு வாங்க நீளும்போது வாசலுக்கு வெளியேதான் நீள்கிறது. விரல் பட்டுவிடாதபடி உயரத்திலிருந்து போடுகிறார்கள். வாங்கிக்கொள்பவருக்கு அறுபது வயதிருக்கும். அவரை "ஏ, இங்க வா" என்று கூப்பிடுவது பள்ளிக்கூடம் போகும் பையன். குழந்தையைக்கூட "வாங்க கண்ணு" என்று அழைக்கிற ஊரில் இது நடக்கிறது.

அங்கே கூடியிருந்தவர்கள் யாரும் நாத்திகர்கள் இல்லை. காப்புக் கட்டியவர்கள், விரதம் இருந்தவர்கள். கடவுள் பயம் அவர்களிடம் நிறையவே இருந்தது. நேர்ந்துகொண்ட கிடாயைக் கொடுக்காமல் விடப் பயம். சாமி முன்னால் பொய்ச்சத்தியம் செய்யப் பயம். ஒரு பெரியவரை வாசலுக்கு வெளியே நிறுத்த மட்டும் யாருக்கும் பயமில்லை. ஏனென்றால் அதை யாரும் பாவம் என்று சொல்லித்தரவில்லை. எதற்குப் பயப்பட வேண்டும் என்பதை ஊர் முடிவு செய்துவிடுகிறது. சாமி பேரைச் சொல்லி அதற்கு முத்திரை குத்திக்கொள்கிறோம். அப்படிப்பட்ட பயத்திலிருந்து ஒழுக்கம் வரும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

திருச்செங்கோட்டு மலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆணும் பெண்ணும் ஒரே உடம்பில் சரிபாதியாக நிற்கும் அர்த்தநாரீசுவரர் கோயில். 2015 ஜூன் மாதம் அந்தக் கோயிலுக்குத் தன்னோடு படித்த பெண்ணோடு வந்த ஒரு தலித் பொறியியல் பட்டதாரி அங்கிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் ரயில் பாதையில் பிணமாகக் கிடந்தார். 2022இல் மதுரை சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அந்தச் சன்னிதிக்குப் பக்கத்திலேயே ஒரு பையனின் சாதியை விசாரிக்க முடிந்தது என்றால், கோயில் குறைவாக இருந்ததா நம் ஊரில்? இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது. உங்களுக்கும் நடுங்கும் என்றே நம்புகிறேன்.

பக்தியை விட்டுவிடுங்கள் என்று உங்களிடம் நான் சொல்லவில்லை. பண்ணாரி மாரியம்மன் கோயிலுக்கு நீங்கள் போயிருப்பீர்கள். பங்குனியில் தணல் மிதிக்கும் குண்டத்துக்கு முதல் நாளே வந்து வரிசையில் படுத்துக் கிடக்கிறது ஜனம். விடிவதற்கு முன் பூசாரி முதலில் இறங்குகிறார். அப்புறம் ஆண்கள், பெண்கள், கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் தாய்மார்கள் என்று நேரம் போவது தெரியாமல் இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள். அந்த நெருப்பில் சாதிக்கொரு பாதை கிடையாது. முன்னால் போனவர் மிதித்த தணலைத்தான் பின்னால் வருபவரும் மிதிக்கிறார். பிரசாதமாகப் புற்று மண்ணைத் தருகிறார்கள். எல்லார் நெற்றிக்கும் அதே மண். சமத்துவத்தை நான் வெளியிலிருந்து உங்கள் பக்திக்குள் நுழைக்கவில்லை ஐயா. உங்கள் அம்மன் கோயிலிலேயே அது இருக்கிறது. அதைப் பண்ணாரியோடு விட்டுவிட்டு ஊர் திரும்பிவிடுகிறோம், அதுதான் என் வருத்தம்.

கடவுளை நம்புகிறவர், நம்பாதவர் என்று ஆட்களைப் பிரித்தும் ஒழுக்கத்தை அளக்க முடியாது. ஈரோட்டுப் பெரியார் கடவுள் இல்லை என்றார். மனிதனை நினை என்றார். அதே வட்டாரத்தில் கோபிச்செட்டிபாளையம் லட்சுமண ஐயர் காந்தி வழியில் வந்தவர். ஒதுக்கப்பட்டவர்களைத் தன் வீட்டுக்குள் அழைத்ததற்காகச் சொந்தச் சாதியின் கோபத்தைத் தாங்கிக்கொண்டார். நகராட்சித் தலைவராக இருந்தபோது மனிதக் கழிவை மனிதர் அள்ளும் கொடுமையை கோபியில் ஒழித்தார். இருவர் வழியும் வேறு. ஒடுக்கப்பட்டவர் பக்கம் நின்றதில் வேறுபாடு இல்லை. மேடையில் கடவுளை மறுத்துவிட்டு, மகள் கல்யாணத்துக்குச் சாதி பார்க்கிறவரும் நம்மிடையே உண்டு. கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கொரு பகுதி ஒதுக்கிய தேவாலயங்களும் தமிழ்நாட்டில் உண்டு. இவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சட்டம் தன் வேலையைச் செய்துவிட்டது. 1947ஆம் ஆண்டின் ஆலயப் பிரவேசச் சட்டம் கோயில் கதவைத் திறந்தது. அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டமோ கோயிலோடு நிற்காமல், ஓட்டலில் வைத்திருக்கும் பாத்திரத்தைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதையும் குற்றமாக்கியது. ஆனால் டீக்கடையில் தனிக் கிளாஸ் மறைந்த இடத்தில் சிலருக்கு மட்டும் பேப்பர் கப் வந்ததை நம் வட்டாரத்தில் பார்த்தவர்கள் பலர் இருக்கிறார்கள். கேட்டால் சுத்தம் என்பார்கள். சுத்தம் என்றால் எல்லாருக்கும் அல்லவா பேப்பர் கப் தர வேண்டும்?

எல்லாச் சாதியாரும் கலந்துகொள்கிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். திருவிழாவுக்காக வீட்டுக்கு வீடு வாங்கும் ஊர் வரியை யார் யாரிடம் வாங்குகிறீர்கள் என்று எழுதவில்லை. பல ஊர்களில் அருந்ததியர் வீட்டு வரியை வாங்க மறுக்கிறார்கள். வரி வாங்கிவிட்டால் கோயிலில் அவர்களுக்கும் உரிமை வந்துவிடும், கணக்கு கேட்பார்கள், உள்ளே வருவார்கள். அவர்களிடம் உழைப்பாக வாங்கிக்கொள்ளலாம், பணமாக வாங்கக் கூடாது என்பது எந்தச் சாமி சொன்னது?

அடுத்த பூச்சாட்டுக்கு ஊர்க் கூட்டம் போடும்போது நீங்கள் எழுந்து நின்று, "அவங்க வீட்டு வரியையும் வாங்குங்க, அவங்களும் உள்ளே வந்து கும்பிடட்டும்" என்று சொல்லுங்கள். கூட்டம் என்ன பதில் சொன்னது, யார் உங்களை உட்காரச் சொன்னார்கள், யார் உங்களோடு எழுந்து நின்றார்கள் என்று எனக்கு எழுதுங்கள். ஒரு வரி குறைக்காமல் இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.