டால்பின் நோஸ்: திரும்பி ஏறும்போது மகள் சோர்ந்துபோவது ஏன்?

கொடைக்கானலில் டால்பின் நோஸ் என்ற பாறை முனைக்குப் போய்த் திரும்பும்போது 8 வயது மகள் சோர்ந்துபோனதாகவும், இந்த முறை உங்கள் அம்மாவுடன் மறுபடி போகவிருப்பதாகவும் எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். மகளுக்குத் தெம்பு குறைவு என்று முடிவுகட்டாதீர்கள். அங்கிருந்து திரும்பும்போது அவள் பாதியில் உட்கார்ந்து அழுததற்குப் பெரும்பாலும் அந்தப் பாதையே காரணம். மற்ற மலைகளில் முதலில் ஏற்றம், பிறகு இறக்கம். டால்பின் நோஸுக்குப் பாதை தொடங்கும் வட்டக்கானலில் நேர்மாறு. பிள்ளைகள் துள்ளிக் குதித்து இறங்கிவிடுகிறார்கள். கால் ஓய்ந்த பிறகுதான் மரவேர்கள் பின்னிக் கிடக்கும் செங்குத்துச் சரிவில் ஏற வேண்டியிருக்கிறது. போதாக்குறைக்கு, மலைப்பாதை வளைவுகளில் அவள் வாந்தி எடுத்த அன்றைக்கே நடந்ததாக எழுதியிருக்கிறீர்கள். வெறும் வயிற்றில் பெரியவர்களுக்கே கால் எழாது.

இந்த முறை இப்படிச் செய்து பாருங்கள்.

1. வந்த அன்று கோக்கர்ஸ் வாக் மட்டும் போதும். சுமார் 1 கிலோமீட்டர், தளம் போட்ட பாதை. உங்கள் அம்மாவும் நிதானமாக நடக்கலாம்.

2. மறுநாள் காலை வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வட்டக்கானல் போங்கள். 15 நிமிடம் இறங்கியதும் நின்று, மகளை முன்னால் விட்டு அவள் வேகத்திலேயே கொஞ்ச தூரம் மேலே ஏறிப் பாருங்கள். பேசிக்கொண்டே ஏறினால் பயணத்தைத் தொடரலாம். பேச்சு நின்று மூச்சு வாங்கினால், எத்தனை ஆசை இருந்தாலும் அங்கேயே திரும்பிவிடுங்கள்.

மழை பெய்திருந்தால் அந்த வேர்கள் பொல்லாதவை, வழுக்கிவிடும். அன்று போகவே வேண்டாம். பாறை முனைக்கு அப்பால் படுபள்ளம், மகளின் கையை விடாதீர்கள். மூட்டுவலி உள்ள அம்மாவுக்கு இந்த இறக்கம் ஆகாது.

சொந்த வண்டி என்றால் கொடைக்கானலுக்குள் வர இ-பாஸ் (இணையவழி அனுமதிச் சீட்டு) எடுத்துவிடுங்கள். 2024 மே முதல் அது நடைமுறையில் இருக்கிறது.